பட்டம், அம்பாசிடர், விமானத்தின் ஸ்டிக்

கல்கத்தாவுக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. (2001ல் கொல்கத்தா என்று பெயர் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் எனக்கு வாயில் வருவது கல்கத்தாதான்.) இங்கே தொழிற்சாலைகளில் நம்ம ஊர் மாதிரி சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் பொரிகடலை கிடையாது. அதற்குப் பதில் செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மா பூஜை. இயந்திரத்துக்கெல்லாம் பொட்டு, மாலை, மத்தியானம் கிச்சடி. அன்றைக்கு இன்னொரு விசேஷம், ஊர் முழுக்க மொட்டை மாடியில் ஏறிப் பட்டம் விடும். நூலை அறுத்துவிட்டால் "போ...காட்டா!" என்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்கள்.

போன வருஷம் நானும் பையனும் மாடியில் நின்றோம். பட்டம் நல்ல உயரத்தில், வெயிலுக்கு எதிராக, கண்ணுக்குத் தெரியவே இல்லை. பையன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "அப்பா, பார்க்கவே வேண்டாம். இழுக்கறது கையிலயே தெரியுது. இப்ப இடது பக்கம் போறது." கொஞ்ச நேரத்தில் அடுத்த கேள்வி: "ஏரோப்ளேன் ஓட்டறவங்களுக்கும் இப்படிக் கையில தெரியுமா?"

நான் ஹைட்ராலிக் வால்வுகளோடு மாரடிக்கிற ஆசாமி. விமானத்தின் இறக்கைத் தகடுகளை ஆட்டுவதும் அதே எண்ணெய் அழுத்தம்தான் என்பதால் பதில் தெரியும் என்று நினைத்து வாயைத் திறந்தேன். "தெரியும்... ஆனா அது நிஜமில்லை" என்று ஆரம்பித்து உளறிக் கொட்டிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து படித்தால், இந்தக் கதை எங்கெங்கோ போகிறது. நடுவில் நான் குடியிருக்கும் ஊருக்கே வந்து நிற்கிறது. பையனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு அம்பாசிடர். தஞ்சாவூரில் என் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. நிறுத்தி வைத்த வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குத் தோள் வலிக்கும். ஆனால் ஓட ஆரம்பித்துவிட்டால் ரோடு எப்படி இருக்கிறது, சக்கரம் மணலில் இருக்கிறதா தாரில் இருக்கிறதா, காற்று குறைந்திருக்கிறதா, எல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடும். இப்போது என் சின்ன காரில் ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்புகிறது. ஒரு மின்மோட்டார் உதவி செய்கிறது. வேகம் கூடினால் அதே மோட்டார் உதவியைக் குறைத்து ஸ்டியரிங்கைக் கனமாக்குகிறது. அந்தக் கனத்தை எவ்வளவு வைக்கலாம் என்று மென்பொருள் எழுதியவர் ஒருவர் எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். விமானத்தின் கதையும் இதுதான். கொஞ்சம் முன்னாலேயே நடந்துவிட்டது, அவ்வளவே.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானத்தில் ஓட்டுபவர் குப்புறப் படுத்திருந்தார். இடது கையில் ஒரு நெம்புகோல், முன்னால் இருந்த எலிவேட்டரை ஏற்றி இறக்க. இடுப்பு ஒரு தொட்டிலில். இடுப்பை அசைத்தால் கம்பிகள் இழுபட்டு இறக்கையே முறுக்கிக்கொள்ளும். கைக்கும் தகட்டுக்கும் நடுவில் வெறும் கம்பிதான். காற்று தகட்டைத் தள்ளினால் கம்பி வழியாகக் கை அதை உணரும். பட்டத்து நூலேதான். பிறகு சில வருஷங்களில் உட்கார்ந்து ஓட்டும் விமானங்கள் வந்தன, கால்களுக்கு நடுவே ஒரு கோல் வந்தது. ஃப்ரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் துடைப்பக் கட்டை. இன்றும் அவர்கள் மொழியில் அதே பெயர்தான் :-)

வேகம் குறைவாக இருந்தவரை சிக்கல் இல்லை. ஆனால் காற்று தகட்டைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். வேகம் இரட்டிப்பானால் கையில் நாலு மடங்கு. விமானத்தின் அளவு இரட்டிப்பானால் இன்னும் மோசம், எட்டு மடங்கு. மனிதனின் புஜம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இது உயிர்ப் பிரச்னை ஆனது. 1940ல் பிரிட்டிஷார் கையில் சிக்கிய ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐ ஓட்டிப் பார்த்தார்கள். மணிக்கு 400 மைல் (சுமார் 640 கிலோமீட்டர்) வேகத்தில் விமானி முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளினாலும் அய்லெரானை அது போகக்கூடிய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அசைக்க முடிந்தது. அவர்களுடைய ஸ்பிட்ஃபயர் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் அந்த லட்சணம்தான். அதன் அய்லெரான்களுக்குத் துணி போர்த்தியிருந்தார்கள். வேகத்தில் துணி உப்பிக்கொண்டு ஸ்டிக் கல்லாகிவிடும். பிறகு உலோகத் தகடு போட்ட பின்தான் விமானிகளுக்கு மூச்சு வந்தது. எஞ்சினும் துப்பாக்கியும் எவ்வளவு நன்றாக இருந்து என்ன, திரும்ப வேண்டிய நேரத்தில் கை வளைக்க முடியவில்லை என்றால்?

சரி, இலேசாக்கிவிட்டால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் அமெரிக்காவில் ராபர்ட் கில்ரூத் என்ற இளம் பொறியாளர் வருகிறார். நாசாவுக்கு முன்னோடியான நாக்கா நிறுவனத்தின் லாங்லி ஆய்வகத்தில் இருந்தவர். (பின்னாளில் மனிதனை விண்வெளிக்கு அனுப்பிய மெர்க்குரி திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இவரே.) அதுவரை சோதனை விமானிகள் இறங்கி வந்து "நன்றாக இருக்கிறது", "கொஞ்சம் முரடு" என்று சொல்வார்கள். காபி நன்றாக இருக்கிறது என்பது போல. அதை வைத்து விமானம் வடிவமைக்க முடியாது. கில்ரூத் ஸ்டிக்கில் அளவுகருவிகளைப் பொருத்தி, எந்த எண் வரும்போது விமானி "நன்றாக இருக்கிறது" என்கிறார் என்று பார்த்தார். 1943ல் வெளியான அவருடைய அறிக்கைதான், விமானம் கையில் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு எண்களால் எழுதிய முதல் முக்கியமான இலக்கணம்.

அதில் வரும் ஒரு கருத்தை மட்டும் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே போகும், நம் எடை கூடுவது போல் இருக்கும். எடை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூடக்கூட ஸ்டிக்கை இழுக்கும் விசையும் ஒரு கணக்கோடு கூடவேண்டும். மிகக் கூடினால் விமானி சோர்ந்துபோவார். மிகக் குறைந்தால், ஒரு பதற்றத்தில் கொஞ்சம் அதிகமாக இழுத்து இறக்கையையே உடைத்துவிடலாம். நடுவில் விசை குறையவே கூடாது. அதாவது ஸ்டிக்கின் கனம் வெறும் இடைஞ்சல் இல்லை, "போதும், நிறுத்து" என்று விமானம் சொல்லும் வார்த்தை அது.

போர் முடிவதற்குள் எண்ணெய் அழுத்தம் உதவிக்கு வந்துவிட்டது. 1944ல் லாக்ஹீட் பி-38 விமானத்தின் பிந்தைய ரகங்களில் அய்லெரானுக்கு ஹைட்ராலிக் துணை. இதில் விமானியும் கொஞ்சம் தள்ளுவார், எண்ணெயும் தள்ளும். காற்றின் ஒரு பங்கு இன்னும் கைக்கு வந்துகொண்டிருந்தது. ஜெட் வந்த பிறகு அதையும் வெட்டவேண்டி வந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தகடுகளின் மேல் அதிர்வலைகள் நின்று ஆடும். விசை திடீரென்று கூடும், குறையும், தலைகீழாகக்கூட மாறும். அந்தக் குழப்பம் கைக்கு வராமல் இருப்பதே நல்லது. எனவே ஸ்டிக் ஒரு வால்வை மட்டும் திறக்கும், முழு வேலையையும் எண்ணெயே பார்த்துக்கொள்ளும், காற்று எவ்வளவு முட்டினாலும் ஸ்டிக்குக்குத் திரும்பி வராது. கொரியப் போரில் பறந்த எஃப்-86இ சேபர் இந்த வகை. எதிரில் நின்ற மிக்-15ன் எலிவேட்டர் கைப்பலத்தில் ஓடியது. அதிவேகத்தில் கீழே பாய்ந்து நிமிர்வதில் சேபருக்கு இருந்த அனுகூலத்துக்கு அது ஒரு காரணம்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். வால்வைத் திறக்கும் கைக்கு அந்தப் பக்கம் பத்து டன் தூக்குகிறோமா, காலி கொக்கியா என்று தெரியாது. நெம்புகோல் ஒரே மாதிரிதான் நகரும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் கொக்கியைச் சுவரில் இடிப்பது இதனால்தான். விமானத்தில் அப்படி இடிக்க முடியாதே. ஆகவே நிஜ உணர்வை வெட்டி எறிந்த அதே பொறியாளர்கள், உடனே ஒரு போலி உணர்வைச் செய்து ஸ்டிக்கில் மாட்டினார்கள்.

எப்படி? முதலில் வெறும் ஸ்பிரிங். தள்ளினால் எதிர்க்கும், விட்டால் நடுவுக்கு வரும். ஆனால் ஸ்பிரிங்குக்கு வேகம் தெரியாதே. எனவே எதிர்க்காற்றின் அழுத்தத்தை ஒரு குழாய் வழியாகப் பிடித்து, வேகம் கூடக்கூட ஸ்டிக்கை இறுக்கும் சாதனம் வந்தது. ஸ்டிக்கோடு ஒரு எடைக்கட்டியைத் தொங்கவிடுவது இன்னொரு தந்திரம். விமானம் வேகமாக நிமிரும்போது நம் எடை கூடுவது போல அந்தக் கட்டியின் எடையும் கூடி, ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். எவ்வளவு எளிமை பாருங்கள். அடுத்த முறை போயிங் 737ல் ஏறும்போது செங்குத்து வாலின் பக்கவாட்டில் பாருங்கள், சின்னதாக ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எலிவேட்டரை இழுப்பது எவ்வளவு கனமாக இருக்கவேண்டும் என்று கணக்குப் போடும் பெட்டிக்குக் காற்றழுத்தம் கொண்டுபோவது அதுதான். முப்பது வருஷம் விமானத்தில் போய்வந்த என் மாமனாருக்கு அதைக் காட்டினேன். "ஆண்டெனான்னு நினைச்சேன் மாப்பிள்ளை" என்றார்.

இப்போது கல்கத்தா.

1952 மே 2 அன்று உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையை பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. தொடங்கியது. விமானம் டி ஹாவிலண்ட் காமெட். அதன் கட்டுப்பாடுகள் முழுக்க ஹைட்ராலிக். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1953 மே 2, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகும் காமெட் ஒன்று டம்டமில் இறங்கி, மாலை நாலரை மணி வாக்கில் தில்லிக்குக் கிளம்பியது. மே மாத மாலை என்றால் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கால்பைசாகி என்று சொல்வார்கள், பட்டப்பகலில் வானம் கறுத்து, மரத்தை வேரோடு சாய்க்கும் காற்றும் இடியும் வந்து அரை மணியில் போய்விடும். காமெட் அப்படிப்பட்ட புயலுக்குள் போனது. ஏறி ஆறு நிமிஷத்தில் பேச்சு நின்றது. ஹூக்ளி மாவட்டத்தில் ஜகல்கோரி என்ற கிராமத்தருகே துண்டு துண்டாக விழுந்தது. 37 பயணிகள், 6 ஊழியர்கள், 43 பேரில் யாரும் பிழைக்கவில்லை.

இந்திய அரசு அமைத்த விசாரணை, விமானம் புயலில் உடைந்தது என்று சொல்லி இரண்டு காரணங்களை முன்வைத்தது. ஒன்று, கடுமையான காற்று வீச்சு. அல்லது, புயலுக்குள் விமானி அளவுக்கு மீறிக் கட்டுப்பாட்டை இயக்கியது, இல்லை கட்டுப்பாட்டை இழந்தது. இந்த இரண்டாவதுதான் நம் விஷயம். காமெட்டின் ஸ்டிக்கில் போதுமான உணர்வு இல்லை, எவ்வளவு இழுக்கிறோம் என்று தெரியாமல் விமானி அதிகமாக இழுத்திருக்கலாம் என்று அப்போது விமர்சனம் எழுந்தது. டி ஹாவிலண்டின் தலைமைச் சோதனை விமானி ஜான் கன்னிங்ஹாம் அதை ஏற்கவில்லை, விமானம் சீராகவே பறக்கிறது என்றார். அடுத்த வருஷம், 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலிக் கடலில் இரண்டு காமெட்டுகள் விழுந்து, உலோகம் களைத்துப் பிளந்தது என்று கண்டுபிடித்த பிறகு உலகத்தின் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது. காமெட் என்றாலே சதுர ஜன்னல் என்று எல்லோரும் சொல்வார்கள். கல்கத்தாவை யாரும் சொல்வதில்லை. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் நானும் கேள்விப்பட்டதில்லை. பர்த்வான் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் ஹூக்ளியைத் தாண்டித்தான் போகிறேன்.

ஸ்டிக் வெறுமனே கனமாக இருந்தால் மட்டும் போதாது, சில நேரம் அது விமானியை உலுக்கவும் வேண்டும் என்று அடுத்த பத்து வருஷத்தில் முடிவானது. விமானம் மூக்கை மிக உயர்த்தி வேகம் இழந்தால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். ஸ்டால் என்பார்கள். அதற்குச் சற்று முன் ஸ்டிக்கில் ஒரு மோட்டார் கடகடவென்று ஆட்டும், நம் மொபைல் அதிர்வது போல, ஆனால் பல மடங்கு முரட்டுத்தனமாக. 1963 அக்டோபர் 22ல் பிரிட்டனில் பி.ஏ.சி. ஒன்-லெவன் சோதனைப் பறப்பில் ஸ்டாலிலிருந்து மீளவே முடியாமல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். வால் உச்சியில் எலிவேட்டர் வைத்த விமானங்களில் வரும் வியாதி அது. அந்த ரக விமானங்களுக்கு இன்னொரு சாதனம் அவசியமானது. உலுக்கியும் கேட்காவிட்டால் ஸ்டிக்கைப் பிடுங்கி முன்னால் தள்ளிவிடும். ஆனால் மனிதன் அதையும் ஜெயிப்பான். 1972 ஜூன் 18ல் லண்டன் அருகே ஸ்டெயின்ஸில் விழுந்த ட்ரைடண்ட் விமானத்தில் ஸ்டிக் உலுக்கியது, தள்ளியது, கடைசியில் விமானிகள் அந்தச் சாதனத்தையே அணைத்துவிட்டார்கள். 118 பேர்.

பிறகு கம்பியும் போய் மின்சாரம் வந்தது. ஸ்டிக் கணினிக்குச் சொல்லும், கணினி தகடுகளுக்குச் சொல்லும். எஃப்-16ஐ வடிவமைத்தவர்கள் இதில் ஒரு எல்லைக்கே போனார்கள். வலது கைப்பக்கம் வைத்த ஸ்டிக் அசையவே அசையாது! கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளக்கும். 1974 ஜனவரி 20 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்க மட்டும் வந்த விமானம் இடமும் வலமும் தள்ளாடி, தரையில் உரசி, கடைசியில் ஓட்டியவர் ஃபில் ஓஸ்ட்ரிச்சர் இனி பறப்பதே மேல் என்று தூக்கிவிட்டார். அதுதான் எஃப்-16ன் முதல் பறப்பு, திட்டத்திலேயே இல்லாதது. அசையாத ஸ்டிக்கில் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று கைக்குப் புரிவதில்லை என்று விமானிகள் குறை சொல்ல, பிற்பாடு மிகச் சிறிதளவு அசைவைச் சேர்த்தார்கள்.

பயணிகள் விமானத்துக்கு இந்த முறையை முழுசாகக் கொண்டுவந்தது ஏர்பஸ் ஏ320. முதல் பறப்பு 1987 பிப்ரவரி 22. இன்று நாம் ஊருக்குப் போக டிக்கெட் போட்டால் பெரும்பாலும் வருவது இதுதான். கால்களுக்கு நடுவே கோல் இல்லை, பக்கத்தில் விளையாட்டு ஜாய்ஸ்டிக் போல ஒரு சின்ன ஸ்டிக். அதில் ஸ்பிரிங் மட்டும்தான். வேகம் கூடினால் இறுகாது, உலுக்காது. இடது விமானி தன் ஸ்டிக்கை இழுத்தால் வலது விமானியின் ஸ்டிக் அசையாது. இருவரும் ஒரே நேரத்தில் ஆட்டினால் கணினி இரண்டையும் கூட்டிக்கொள்ளும்.

ஏர்பஸ்காரர்களின் வாதம் மடத்தனமானது அல்ல, நியாயமாகச் சொல்லவேண்டும். இறக்கை உடையாமல், ஸ்டால் ஆகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தானே ஸ்டிக்கில் கனம் வைத்தீர்கள்? அதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். நீ முழுக்க இழுத்தாலும் அது எல்லையைத் தாண்ட விடாது. பிறகு எதற்குப் போலிக் கனம்? எதிர்க்கட்சியில் போயிங். 1994ல் பறந்த 777ம் மின்சாரக் கட்டுப்பாடுதான். ஆனால் பழைய பெரிய கோல்களை வைத்து, இரண்டையும் இணைத்து, போலிக் கனத்தையும் கொடுத்தார்கள்.

ஏ320ல் இன்னொன்று. தானியங்கி எஞ்சின் விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் எஞ்சின் நெம்புகோல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். போயிங்கில் அவை தானே முன்னும் பின்னும் நகரும், கையை மேலே வைத்திருந்தால் தெரியும். 1990 பிப்ரவரி 14, பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320, வாங்கி இரண்டு மாதம்தான் ஆன விமானம், எச்.ஏ.எல். விமான நிலையத்தை நெருங்கும்போது எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் இருந்தன. விமானிகள் கவனிக்கத் தாமதமானது. ஓடுபாதைக்கு முன்னால் கோல்ஃப் மைதானத்தில் தட்டி, எழும்பி, கரையில் மோதி எரிந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். என் சித்தப்பா அப்போது முருகேஷ்பாளையாவில் குடியிருந்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது புகை தெரிந்தது என்று பல தடவை சொல்லியிருக்கிறார். விசாரணை விமானிகளின் தவறு என்றே சொன்னது. நெம்புகோல் நகர்ந்திருந்தால் கவனித்திருப்பார்களா என்ற கேள்விக்கு யாரும் முடிவாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

2009 ஜூன் 1 எல்லோருக்கும் நினைவிருக்கும். ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் ஃப்ரான்ஸ் ஏ330 அட்லாண்டிக்கில் விழுந்தது, 228 பேர். வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது. வேகம் தெரியாததால் கணினி, விமானியைக் காப்பாற்றும் தன் எல்லைக் காவலைக் கைவிட்டது. அதாவது, கனம் வேண்டாம் என்பதற்குக் காரணமாகச் சொன்ன அதே காவல். வலப்பக்க இணை விமானி ஸ்டிக்கைப் பெரும்பாலான நேரம் பின்னால் இழுத்தபடி இருந்தார். இருட்டில் பக்கத்து விமானிக்கு அது கையில் தெரியவில்லை. இடையில் ஓய்வறையிலிருந்து ஓடிவந்த கேப்டனுக்கும் தெரியவில்லை. ஸ்டால் என்று குரல் எச்சரிக்கை கத்திக்கொண்டிருந்தது. தானியங்கி விட்டுப்போனதிலிருந்து கடலைத் தொட 4 நிமிடம் 23 வினாடி. இணைந்த கோல்களாக இருந்தால் மூக்கு ஏன் மேலே நிற்கிறது என்று ஒரு வினாடியில் புரிந்திருக்கும் என்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அதே வருஷம் பிப்ரவரி 12ல் அமெரிக்காவில் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் விமானத்தில் ஸ்டிக் உலுக்கியது, தள்ளியது, கோல்கள் இணைந்தே இருந்தன, கேப்டன் அதற்கு எதிராகவே இழுத்தார். 50 பேர். உணர்வு கைக்கு வந்தாலும் மூளை அதைக் கேட்கவேண்டும்.

இனி வருவதைத்தான் பையனிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

737 மேக்ஸ். பழைய 737ல் பெரிய எஞ்சின்களை முன்னால் நகர்த்தி, மேலே தூக்கி மாட்டினார்கள். மூக்கு மிக உயர்ந்திருக்கும் சில நிலைகளில் அந்த எஞ்சின் உறைகளே கொஞ்சம் தூக்க ஆரம்பித்தன. விளைவு, ஸ்டாலை நெருங்கும்போது கூடவேண்டிய கனம் கூடாமல் ஸ்டிக் இலேசானது. நடுவில் விசை குறையவே கூடாது என்று மேலே எழுதினேனே, சான்றிதழ் விதி கேட்பதும் அதையே. போயிங் கொடுத்த தீர்வு எம்காஸ் என்ற மென்பொருள். மூக்கு உயர்ந்தால் வாலின் கிடைத் தகட்டையே திருப்பி மூக்கைக் கீழே தள்ளும், விமானியின் கைக்கு விசை சரியாக இருக்கும். அதாவது கையில் சரியான கனம் தருவதற்காக வந்த சாதனம். முதலில் சின்ன அளவில், தகட்டை 0.6 டிகிரி திருப்புவதற்கு யோசித்தது; பிறகு குறைந்த வேகத்துக்கும் நீட்டி 2.5 டிகிரி ஆக்கினார்கள். ஒரே ஒரு உணரியை நம்பி. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிச் சொல்லாமல்.

இன்னொரு கொடுமை. முந்தைய 737களில் தகடு தானாகத் தவறாக ஓடினால், கோலைப் பலமாகப் பின்னால் இழுத்தாலே ஒரு சுவிட்ச் அதை நிறுத்தும். எம்காஸ் வேலை செய்யவேண்டும் என்றால் அந்த சுவிட்ச் குறுக்கே வரக்கூடாது, ஆகவே அதைச் சுற்றிப் போகும்படி செய்துவிட்டார்கள். இழுத்தால் நிற்கும் என்று கை கற்றிருந்தது நிற்கவில்லை.

2018 அக்டோபர் 29, ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர். கேப்டன் பவ்யே சுனேஜா, தில்லிக்காரர். உணரி தவறான எண்ணைக் கொடுத்தது. தரையை விட்டதிலிருந்து அவர் பக்கத்துக் கோல் உலுக்கிக்கொண்டே இருந்தது, இல்லாத ஸ்டாலுக்காக. எம்காஸ் மூக்கை இறக்க, அவர் ஏற்ற, இருபது தடவைக்கு மேல். 189 பேர். 2019 மார்ச் 10, எத்தியோப்பியன் விமானம். இந்தமுறை விமானிகள் மின்சாரத்தை வெட்டினார்கள். கையால் சக்கரத்தைச் சுற்றித் தகட்டைத் திருப்பவேண்டும். வேகம் மிகக் கூடியிருந்ததால் சுற்ற முடியவில்லை. 157 பேர். 1940ல் விமானியின் கையை வளைய விடாமல் நிறுத்திய அதே காற்று, அதே வேகத்தின் வர்க்கம், எட்டு பத்து வருஷத்துக்கு முன்பு வந்த நவீன விமானத்தில். மேக்ஸை உலகமெங்கும் நிறுத்தினார்கள். இரண்டு உணரிகளையும் ஒப்பிடும்படி மாற்றிய பிறகு, 2021 ஆகஸ்டில் இந்தியாவிலும் மீண்டும் அனுமதி வந்தது. 2022ல் தொடங்கிய ஆகாசா ஏர் மேக்ஸ் விமானங்களோடுதான் தொடங்கியது.

இதற்கிடையில் ஸ்டிக்கில் உயிர் மறுபடி வந்துகொண்டிருக்கிறது. பக்க ஸ்டிக்குக்குள்ளேயே மோட்டார்களை வைத்து, கணினி நினைத்த கனத்தைக் கொடுக்கலாம், உலுக்கலாம், ஒருவர் இழுப்பதை மற்றவர் ஸ்டிக்கும் அப்படியே செய்யவைக்கலாம். நடுவில் கம்பி ஏதும் இல்லாமலே. 2018ல் சான்றிதழ் பெற்ற கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி500 சொகுசு விமானத்தில் இது வந்துவிட்டது, செய்து கொடுத்தது பி.ஏ.இ. சிஸ்டம்ஸ். எஃப்-35 போர் விமானத்திலும் உண்டு. ரஷ்யாவின் எம்.சி-21லும் வைத்தார்கள். ஏர்பஸ் மட்டும் ஏ320நியோவிலும் ஏ350லும் பழைய ஸ்பிரிங் ஸ்டிக்கோடே நிற்கிறது. இருந்தும் அந்த விமானங்கள் தினமும் ஆயிரக்கணக்கில் ஒழுங்காக வந்து இறங்குகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஊருக்குப் போகிறவர்களைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு பையன் கேட்டது ஒன்றுதான். "நாம பொங்கலுக்கு சென்னை போறது எதுல?" ஏ320 என்றேன். "அப்ப பைலட்டுக்குக் கையில ஒண்ணும் தெரியாதா?" ஸ்பிரிங் தெரியும் என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. அதற்குள் பக்கத்து மாடியில் தாஸ் வீட்டுப் பையன்கள் எங்கள் நூலை அறுத்துவிட்டு "போ...காட்டா" என்று கத்தினார்கள். பட்டம் போனது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, வெயில். "போயிடுத்துப்பா, இலேசாயிடுத்து" என்று பையன்தான் முதலில் சொன்னான்.